கைதட்டியது சிப்பாக்கார அம்மாள்தான் என்பது குறித்து

அனுப்புநர்:
ஆர்செனியோ ஓவெலார்,
தலைமை ஓட்டுநர் (ஓய்வு), அசுன்சியோன் – கரபெகுவா பேருந்துத் தடம்,
பஞ்சாலைக்குப் பின்தெரு, ஓடைக்கரை,
கரபெகுவா, பராகுவே.

பெறுநர்:
டாக்டர் ஆன்னெகிரெட் பூல்மான் அம்மையார் அவர்கள்,
பொறுப்பாளர், வெளிநாட்டு மாணவருக்கான கோடைக்கால இணைய அறிமுக வகுப்பு,
ஹோஹன்பிரூக் பல்கலைக்கழகம், ஜெர்மனி.

பொருள்: என் தங்கை மகள் செல்வி நிமியா சொலேதாத் காபான்யாஸ் என்பவருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது – வகுப்பில் கைதட்டியது, அந்நியர் நடமாட்டம், பாதியில் எழுந்து போனது ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளுக்கும் விளக்கம் – சான்றிதழும் கூடவே ஒரே ஒரு வரிக் கடிதமும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதங்கள் இரண்டு (இரண்டுமே மிகவும் சுருக்கம்).

கனம் டாக்டர் அம்மையார் அவர்களின் மேலான கவனத்திற்கு,

1. முதலில் நான் யார் என்பது. முப்பது ஆண்டுகள் தலைநகருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே பேருந்து ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்றவன். (ஒரு கோழி என்கிறாள் என் தங்கை ஸுனில்டா. அது தானாக வந்து விழுந்தது.) ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தம்மிடம் சரக்கு இல்லை என்று ஆசிரியரே கைவிரித்துவிட்டதால் நின்றேன். மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்தது என் மனுவால்தான். அந்த விளக்கு எரிய வேண்டும் என்ற மனு பரிசீலனையில் இருக்கிறது.

இந்த மனுவை நான் எழுத, எதிரே மேற்படி ஸுனில்டா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்திக்குப் பத்தி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. "அண்ணே, அந்த அம்மா படிச்சவங்க. உன் பஸ்ஸுல ஏறினவங்கன்னு நெனச்சு அளக்காத" என்று கத்தியை நீட்டிச் சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் திருத்தங்களையும் ஆங்காங்கே நாணயமாகச் சேர்த்துள்ளேன். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் டாக்டர் வில்ஃப்ரிதோ எஸ்பினோலா இதை உங்கள் மொழியில் மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மனு குட்டையாக வந்து சேர்ந்தால் பழி அவருடையது.

2. அடுத்து, பிள்ளை. நிமியாவின் அப்பா போனஸ் அயர்ஸில் கட்டட வேலையில் இருக்கிறார். அவள் வளர்ந்தது அம்மாவிடமும், அதே முற்றத்தின் மறுபாதியில் குடியிருக்கும் என்னிடமும். பள்ளியில் கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. பராகுவே முழுவதிலும் ஆளில்லை. (இந்த மாவட்டத்தில், என்கிறாள் ஸுனில்டா.) மழை பெய்தால் எங்கள் ஓடை நேராக வீட்டுக்குள் வந்துவிடும், நாற்காலிகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்களும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். அப்படிக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவள் சொன்னாள், "மாமா, தண்ணி மேல தப்பில்ல. அது போற வழியில நாமதான் வீட்ட கட்டி வச்சிருக்கோம். அதுக்கு வேற வழி காட்டணும்." அன்று முதல் ஓடைக்குள் கம்பு நட்டு, கம்பில் வண்ணக் கோடு போட்டு, மழைக்கு மழை அளந்து வருகிறாள். நீரைப் பற்றிப் படிக்க உங்கள் பல்கலைக்கழகம்தான் சிறந்தது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அது சிறந்தது என்று நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். (இல்லை.)

தங்கள் வகுப்பை ஒழுங்காக முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கே அடுத்த ஆண்டு ஆயத்தப் படிப்பில் இடம் கேட்கும் தகுதி உண்டு என்று அறிவிப்பில் இருந்தது. எனவே இது ஏதோ ஒரு தாள்துண்டு விவகாரம் அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

3. கோடைக்கால வகுப்பு என்று பெயர். இங்கே ஜூலையில் பல் கிடுகிடுக்கும் குளிர். பிள்ளை தலையில் கம்பளித் தொப்பியும் காலடியில் கரியடுப்புமாக உங்கள் கோடையில் கலந்துகொண்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஜெர்மானியர் நேரம் தவறாதவர்கள் என்று ஊரே அறியும் என்பதால், முதல் நாள் எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதல் முறையாக, குறித்த மணிக்கு எல்லோரும் தயாராகிவிட்டோம். நிமியா தலைவாரி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். மணி அடித்தது. திரையில் பேராசிரியர் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இல்லை. கால் மணி கழித்து மேதகு பேராசிரியர் ஸ்டெக்மைர் அவர்கள் காப்பிக் கோப்பையுடன் வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் வணக்கம் சொன்னார். உங்கள் பல்கலைக்கழகங்களில் மணிக்குக் கால் மணி பின்னால் தொடங்குவது நூற்றாண்டு வழக்கம் என்றும், அது அட்டவணையிலேயே இரண்டு எழுத்தில் குறித்திருக்கிறது என்றும் பின்னர் அறிந்தோம். அம்மையார் அவர்களே, எங்களுக்கும் அதே வழக்கம்தான். நாங்கள் அதை அட்டவணையில் போடுவதில்லை, அவ்வளவே. "ஸுனில்டா, கவலப்படாத, புள்ள நம்ம ஆளுங்க கிட்டதான் போறா" என்று அன்றே நான் சொன்னேன்.

4. இனி முதல் குற்றச்சாட்டு. "செல்வி காபான்யாஸின் இணைப்பிலிருந்து விரிவுரையின் நடுவே பலமுறை கேலியாகக் கைதட்டல் எழுந்தது" என்று தங்கள் முதல் கடிதம் சொல்கிறது.

கைதட்டியவர் நிமியா அல்ல. நானும் அல்ல. ஞா தெயோலிந்தா என்னும் சிப்பாக்கார அம்மாள்.

இதை விளக்க வேண்டியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உலகமெல்லாம் இப்படித்தான் என்றிருந்தேன். எங்கள் வீடுகள் தெருவிலிருந்து உள்ளே தள்ளி, மாமரத்துக்குப் பின்னால் இருக்கின்றன. தெருவோரம் கம்பிக் கேட். கம்பியைத் தட்டினால் சத்தம் வராது. தட்டாமல் உள்ளே நுழைந்தால் நாய் கேள்வி கேட்கும். ஆகவே யார் வந்தாலும் கேட்டில் நின்று இரண்டு மூன்று முறை கைதட்டுவார்கள். தபால்காரர் கைதட்டுவார், பாதிரியார் கைதட்டுவார், என் தங்கையைப் பெண்கேட்டு வந்தவரும் கைதட்டித்தான் வந்தார். வீட்டுக்குள் இருப்பவர் "வாங்க வாங்க" என்பார். அவ்வளவுதான் விஷயம். எங்கள் காதில் கைதட்டல் விழுந்தால் முதலில் எழுந்து கேட்டைத்தான் பார்ப்போம்.

ஞா தெயோலிந்தா காலையில் கூடையில் சூடான சிப்பாவுடன், அதாவது மரவள்ளி மாவில் சுட்ட எங்கள் ஊர் ரொட்டியுடன், வருவார். உங்கள் பிற்பகல் வகுப்பும் எங்கள் சிப்பா நேரமும் ஒன்று. வைஃபை எங்கள் வீட்டில் கேட்டை ஒட்டிய முன்தாழ்வாரத்தில்தான் பிடிக்கும். மைக்கை மூடியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். முதல் நாளே பேராசிரியர் அவர்கள், "யாரும் மைக்கை மூடாதீர்கள், எங்கள் வகுப்பில் கேள்விதான் உயிர்" என்றார். இருபது மாணவர்களில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் எங்கள் பிள்ளை ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் புத்திசாலிகள்.

5. இருந்தும் தட்டிய நேரங்கள் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே தேர்வில் மூன்று முறை தோற்றவர் அதே படிப்பை நாட்டில் வேறெங்கும் தொடர முடியாது என்று பேராசிரியர் கனத்த குரலில் சொல்லி நிறுத்தினார். எல்லா முகமும் வெளுத்தது. எங்கள் பக்கத்திலிருந்து: பட், பட், பட்.

இன்னொரு நாள், கழுத்து வலியால் அடுத்த வகுப்பைத் தம்மால் நடத்த இயலாது என்று வருத்தத்துடன் அறிவித்தார். பட், பட், பட். கூடவே ஞா தெயோலிந்தாவின் குரல், "சுடச்சுட இருக்கு!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "செல்வி காபான்யாஸ் மகிழ்ச்சியடைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிமியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூச்சக்காரி. உங்கள் மொழியில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி, சரிபார்த்து, வாசல்வரை கொண்டுவருவதற்குள் வகுப்பு அடுத்த தெருவுக்குப் போய்விடும். விளக்கம் வாயிலேயே நின்றுவிட்டது. அப்புறம் கடிதம்தான் வந்தது.

6. கடிதம் வந்தவுடன் நான் அதிரடியாக நடவடிக்கை எடுத்தேன். எங்கள் தெருவில் கைதட்டத் தடை விதித்தேன். கேட் கம்பத்தில் ஒரு தேக்குப் பலகையைத் தொங்கவிட்டேன். யாராயிருந்தாலும் விரலை மடக்கி அதில் மெல்லத் தட்ட வேண்டும் என்று உத்தரவு. ஜெர்மனியில் எல்லோரும் கதவைத் தட்டித்தான் போவார்கள், நாமும் முன்னேறுவோம் என்று ஒரு சிறு உரையும் ஆற்றினேன். இருநூறு பேர் கேட்டார்கள். (ஸுனில்டா சிரிக்கிறாள். எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.)

இதனால் எனக்கு ஏற்பட்ட அவமானங்களும் பதிவாக வேண்டும். "நாப்பது வருசமா கை தட்டி வித்தவ, இப்ப மரங்கொத்தி மாதிரி கொத்தணுமாக்கும்? டான் ஆர்செனியோ, பலகைய தட்டுறதா சிப்பாவ விக்கிறதா?" என்று ஞா தெயோலிந்தா நடுத்தெருவில் கேட்டார். தபால்காரர் ஒரு நாள் மிலிட்டரி பாண்டு மாதிரியே வாசித்துவிட்டுப் போனார். ஆனாலும் தெரு பழகிக்கொண்டது. நிமியாவுக்காகத்தானே என்று பழகிக்கொண்டது. கடைசி இரண்டு வாரம் எங்கள் இணைப்பிலிருந்து ஒரு கைதட்டல்கூட வரவில்லை என்பதைத் தங்கள் பதிவேடுகளே சொல்லும்.

7. இரண்டாவது குற்றச்சாட்டு: "பதிவு செய்யாத வயதான ஆண் ஒருவர் வகுப்பில் அடிக்கடி கலந்துகொள்கிறார்."

'வயதான' என்ற சொல்லை ஆட்சேபிக்கிறேன். மற்றது உண்மை. அந்தக் காலியான கால் மணி நேரத்தில் பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்ததால், ஒரு பெரியவன் என்ற முறையில் மாத்தே என்னும் எங்கள் ஊர்த் தேநீர்க் குடுவையும் கையுமாகத் திரை முன் வந்து குசலம் விசாரித்தேன். எகிப்தியப் பெண்ணின் அண்ணன் கல்யாணம் எப்படி நடந்தது, இந்தோனேசியப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கியதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் அலுவலகத்துக்குத் தெரியுமா?

பாடத்தில் குறுக்கிட்டது ஒரே முறை. புது ஊரில் முதல் சிக்கல் வந்ததும் மாணவர் யாரிடம் போக வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். 'மாணவர் ஆலோசனை அலுவலகம்' என்பது சரியான விடையாம். நான் பின்னாலிருந்து, "அம்மாவுக்கு போன் போடுவா!" என்றேன். நிமியா மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பேராசிரியர் அவர்கள் அதையும் பலகையில் எழுதினார், ஆலோசனை அலுவலகத்துக்கு மேலே. அம்மையார் விசாரித்துப் பார்க்கலாம். (இது நடந்ததுதான், என்கிறாள் ஸுனில்டா. அவளுக்கே ஆச்சரியம்.)

8. மூன்றாவது குற்றச்சாட்டு: "இறுதி உரைக்குப் பின் கேள்விகளுக்குப் பதிலளிக்காமல் இணைப்பைத் துண்டித்து வெளியேறினார், எனவே உரை முழுமை பெறவில்லை." இந்த மனுவே இதற்காகத்தான்.

இறுதி நாளில் முதலில் பேச வேண்டியவள் நிமியா. தலைப்பு, 'எங்கள் ஓடை ஏன் எங்கள் வீட்டுக்குள் வருகிறது'. ஓடைக்கரைக் குடும்பங்கள் அனைத்தும் என் அழைப்பின் பேரில் தாழ்வாரத்தில் கூடின. இருபது பேர். (ஏழு. ஏழு என்றே கொள்ளவும்.) ஞா தெயோலிந்தா கூடையை இறக்கி வைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேச்சு தொடங்குமுன் நான் எழுவரையும் பார்த்து, "யாராவது கையத் தட்டினீங்க, அவ்வளவுதான்! இன்னொரு கடுதாசி வந்தா புள்ள படிப்பே போச்சு" என்று எச்சரித்தேன். எல்லோரும் கைகளைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார்கள்.

அவள் பேசினாள். எனக்கு மொழி புரியாது. ஆனால் முப்பது வருடம் கண்ணாடியில் பயணிகள் முகத்தைப் பார்த்து ஓட்டியவன் நான். கேட்கிற முகம் எது, தூங்குகிற முகம் எது என்று தெரியும். அங்கே ஒரு நீள மேசையைச் சுற்றிப் பேராசிரியரும் அவருடைய உதவி மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் காப்பியைத் தொடவில்லை. கம்புகளின் படத்தைக் காட்டினாள், கோடுகளைக் காட்டினாள், தண்ணீருக்குப் புதுவழியை நீலத்தில் வரைந்து காட்டினாள். எங்கள் வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினாள். தன் வீடு திரையில் வந்தபோது ஞா தெயோலிந்தா சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் நிமியா "நன்றி" என்றாள்.

இங்கே யாரும் மூச்சுவிடவில்லை. என் உத்தரவு.

அங்கே பேராசிரியர் விரலை மடக்கி மேசையைத் தட்டினார். டொக், டொக், டொக். உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டு அந்த நீள மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். ஒலிபெருக்கி அதிர்ந்தது.

நானோ, யாரோ கேட்டில் பலகையைத் தட்டுகிறார்கள் என்று தெருவுக்கு ஓடி, காலியான தெருவைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் அடுத்து நடந்ததை ஸுனில்டாதான் பார்த்தாள். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியை மோதிர விரலால் மேசையைத் தட்டினால் 'போதும், வாயை மூடு' என்று பொருள். பன்னிரண்டு வருடம் பிள்ளை கேட்டு வளர்ந்த சத்தம் அது. முன்பே ஒரு கடிதம் வாங்கியவள். அங்கே ஒரு மேசை நிறையப் பேர் தட்டுகிறார்கள். இங்கே சொந்த ஜனம் கல்லாய் உட்கார்ந்திருக்கிறது. அவள் "மன்னிக்கவும்" என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போனாள். நான் திரும்பி வந்தபோது எழுவரும் கைகளை இன்னும் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள்.

9. தங்கள் இரண்டாவது கடிதத்தை அவள் வாசித்துவிட்டு எங்களுக்கும் வாசித்துக் காட்டினாள். அழவில்லை. ஓடைக்குப் போய்க் கம்புகளைப் பிடுங்கி விறகோடு சேர்த்துப் போட்டாள். அசுன்சியோனில் என் சித்தப்பா மகனுக்குச் செருப்புக் கடை இருக்கிறது. அங்கே வேலைக்கு வருவதாகத் தானே பேசி முடித்தாள். திங்கட்கிழமைப் பேருந்து.

அந்த வாரம் எங்கள் பசு மரிப்போசாவுக்கு மடிவீக்கம். டாக்டர் எஸ்பினோலா வந்தார். அவர் இளமையில் இரண்டு ஆண்டு உங்கள் நாட்டில் படித்தவர். பசுவைப் பார்த்து முடித்து, "எங்க நம்ம எஞ்சினியரம்மா? வாசல் பக்கமே காணோம்?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மேற்படி பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. (முளையைப் பிடுங்கியது, என்கிறாள்.) பிறகு பால்வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டிக் காட்டினார்.

"யோவ் ஆர்செனியோ, அதுதான்யா அவங்க கைதட்டு! காலேஜ்ல யாரும் கைய தட்ட மாட்டாங்க, மேசையத்தான் தட்டுவாங்க. ரெண்டு வருசத்துல எனக்கு ஒரே ஒரு தடவதான் தட்டினாங்க, அதுவும் பாதிப் பேரு. இவளுக்கு வாத்தியாரே ஆரம்பிச்சு வச்சாரா?"

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு மாட்டுக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

10. அம்மையார் அவர்களே, இங்கேதான் என் சிக்கல் தொடங்குகிறது. பிள்ளை நம்பவில்லை.

"மாமா, ஜனாதிபதி உங்க பஸ்ஸ நிறுத்தி வழி கேட்டாருன்னீங்களே?"

"ஆமா, கேட்டாரு."

"ஜெர்மன் தூதர் உங்க ஓட்டுதலப் பாத்துட்டு பெர்லினுக்குக் கூப்பிட்டாருன்னீங்க?"

"கூப்பிடத்தான் செஞ்சாரு."

"அதே மாதிரிதான் இதுவும். எனக்காகச் சொல்றீங்க. விடுங்க மாமா."

டாக்டரையே கூட்டிவந்து நிறுத்தினேன். அவரும் நானும் ஞாயிறுதோறும் த்ருக்கோ சீட்டில் கூட்டாளிகள். கண்ணடித்து எதிராளியை ஏமாற்றுவதுதான் அந்த ஆட்டமே. அவர் சொல்லச் சொல்ல, நிமியா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட நேரம், அவர் கண்ணில் கொட்டகைத் தூசி விழுந்து இமைத்துவிட்டார்.

"நீயே தேடிப் பாரேன்" என்று லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். "அப்படி ஒரு பழக்கம் அங்க இருக்கலாம் மாமா. ஆனா என்மேல அவங்க கோவமா இருந்தாங்க. அன்னைக்கு எனக்கு எதுக்குத் தட்டினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் கேட்டில் அல்லவா நின்றிருந்தேன்.

எனக்கு இதுவரை ஒரு பேச்சுக்கும் சாட்சி தேவைப்பட்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அடுத்த நிறுத்தம் வரும், இறங்கிப் போவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அதை என் வீட்டிலேயே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இதை நகைச்சுவையாக எழுதவில்லை.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் கோருகிறேன்.

அ) கேலிக் கைதட்டல் என்ற குறிப்பை நீக்க வேண்டும். குற்றவாளி ஞா தெயோலிந்தா விசாரணைக்குத் தயார். சாட்சியமாக ஒரு கூடை சிப்பா அனுப்பவும் தயார். மின்னஞ்சலில் போகாது என்கிறார்கள்.

ஆ) பதிவு செய்யாத மேற்படி ஆண் இனி வகுப்பு நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் இருப்பார் என உறுதியளிக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் விலக்குக் கேட்கிறேன். இந்தோனேசியப் பையனின் காய்ச்சல் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்.

இ) பிள்ளை கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ஒரு மணி நேரமானாலும் நின்று பதில் சொல்வாள். அந்த ஓடையில் அவளுக்குத் தெரியாத கல் இல்லை. கம்புகளை நான் விறகிலிருந்து எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் அடுப்பில் போய்விட்டது. அதன் கோடுகள் அவளுக்கு மனப்பாடம்.

ஈ) எல்லாவற்றிலும் முக்கியமானது. தாங்களோ பேராசிரியரோ, அன்று மேசையைத் தட்டியது எதற்காக என்று அவள் பெயருக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். முத்திரை இருந்தால் முத்திரையும். எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு. திங்கட்கிழமைக்குள் வந்தால் நல்லது. அன்றைய ஓட்டுநர் நான் பழக்கிய பையன்தான். டயரில் காற்று இல்லை என்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பான். அதற்கு மேல் என்னாலும் முடியாது.

ஒருவேளை அந்தத் தட்டல் பாராட்டு அல்ல என்றால், தாங்கள் எதுவும் எழுத வேண்டாம். சிரமம் வேண்டாம். அதற்கு வேண்டியதை நானே சொல்லிக்கொள்வேன், எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லி அவள் நம்புவதைவிட, நீங்கள் சொல்லி அவள் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தாங்கள் என்றாவது கரபெகுவா பக்கம் வந்தால், பஞ்சாலைக்குப் பின்தெருவில் பலகை தொங்கும் கேட் எங்களுடையது. பலகையையும் தட்டலாம், கையையும் தட்டலாம். தடையை நீக்கிவிட்டேன்.

முழுவதையும் ஸுனில்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதிக்கு அவள் திருத்தம் ஏதும் சொல்லவில்லை. கத்தியை வைத்துவிட்டு, சீவிய கிழங்கை ஓரமாக ஒதுக்கி, மேசைமேல் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே நிமியாவின் அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

பதிலுக்குக் கேட்டருகே காத்திருக்கும்,

ஆர்செனியோ ஓவெலார்
(கையொப்பம்)

இடம்: கரபெகுவா
நாள்: ஆகஸ்ட் 7